முன்கூட்டியே என்றால் எப்போதிலிருந்து?

ஜமுனாமரத்தூரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் கோரைப்பாயை விரித்து, என் பழைய மாணவி தன் காகிதங்களையெல்லாம் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள். தை மாதக் காற்று. பறந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். பாஸ்போர்ட், ஆதார், பான் கார்டு, பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல்கள், நர்சிங் டிப்ளமோ, கவுன்சில் பதிவு, சாதிச் சான்றிதழ், ஜெர்மன் மொழித் தேர்வுச் சான்றிதழ். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்திருந்தது. கிளம்ப இன்னும் ஐந்து மாதம்.

"கடைசி நேரத்துல அலையக் கூடாதுல்ல சார். முன்கூட்டியே ஒருவாட்டி பாத்துடலாம்னு. நீங்களும் வந்து பாத்தீங்கன்னா நல்லா இருக்கும்" என்று போனில் கூப்பிட்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. போளூரில் காலை பஸ் பிடித்து மலையேறிவிட்டேன்.

நான் பார்க்கத் தெரிந்தவன் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்று இருந்தது. "ஏஜென்சில கேரளாவான்னு கேட்டாங்க சார், இல்ல மலைன்னு சொன்னேன்" என்று சிரித்தாள். பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது, எத்தனை பக்கம் காலியாக இருக்கிறது என்று பார்த்தேன். அதெல்லாம் சரியாக இருந்தது. பிறகு பாஸ்போர்ட்டையும் பத்தாவது சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

இதில் ஒரு பெயர். அதில் வேறொரு பெயர். பாஸ்போர்ட்டின்படி அவள் பிறந்தது 2001 ஜனவரி 1. சான்றிதழின்படி 2001 ஜூன் 1.

உள்ளே முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்த ஆயா வெளியே வந்து எட்டிப் பார்த்தது. "எந்தத் தேதிய்யா பாக்கறீங்க? அவ பொறந்தது சாமை அறுப்புல. அறுத்த கதிரு களத்துல கெடக்குது, மழை புடிச்சிக்கிச்சி. ஐப்பசி மாசம்."

ஒரு பெண்ணுக்கு மூன்று பிறந்தநாள். உண்மையானது எந்தக் காகிதத்திலும் இல்லை.

"சார், இஸ்கூல்ல இந்தப் பேர யாரு சார் எழுதுனது?" என்று அவள் கேட்டாள். குற்றம் சொல்லும் தொனி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் எழுதியது நான்.

அவளுடைய இரண்டு பெயர்களையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை நான் எழுதியதே போதும்.

*

2006 ஜூன் மாதம். மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியன். வயது இருபத்துமூன்று. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சேர்க்கைப் பதிவேட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இந்த ஆயாதான் பேத்தியைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தது. பிறந்த தேதி கேட்டேன். இதே சாமை அறுப்பு, இதே மழையைத்தான் அன்றும் சொன்னது. கணக்குப் போட்டுப் பார்த்தால் குழந்தைக்கு ஐந்து வயது நிறைய நான்கைந்து மாதம் குறைந்தது. திருப்பி அனுப்பினால் அடுத்த வருடம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆடு மேய்க்கப் போய்விடும், இல்லை தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிடுவார்கள். 1.6.2001 என்று எழுதினேன். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே ஜூன் மாதத்தில் பிறந்தது இப்படித்தான். உங்கள் வீட்டிலும் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ தலைமையாசிரியர் வைத்த பிறந்தநாள் ஒன்று இருக்கும்.

பெயர் விஷயம் அப்படியல்ல. ஆயா தன் பெயரையே பேத்திக்கும் வைத்திருந்தது. அது அவர்கள் குலசாமியின் பெயர். எனக்கு அது பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. அப்போது நான் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். இந்தக் குழந்தை படித்துப் பெரிய ஆளாகி ஊருக்குள் போகும்போது இந்தப் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் என்று நானாக முடிவுசெய்து, அழகான பெயர் ஒன்றை எழுதினேன். ஆயாவிடம் சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைவு. ஆனால் கேட்கவில்லை. சொல்வதும் கேட்பதும் ஒன்றல்ல.

மற்றக் காகிதங்கள் வேறு வழியாக வந்தன. ரேஷன் கார்டில் வீட்டுப் பெயர். அதைப் பார்த்து ஆதார். ஆதார் முகாமில் "வருஷம் தெரியும், தேதி தெரியாது" என்றதும் ஜனவரி 1 என்று பதிந்துவிட்டார்கள். ஆதாரைப் பார்த்து பான் கார்டு. இரண்டையும் வைத்து, அவள் வேலூரில் வேலை பார்த்தபோது, ஒரு ஏஜென்ட் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்திருந்தார். ஒவ்வொருவரும் தங்களுக்கு முன்னால் இருந்த காகிதத்தைச் சரியாகவே பார்த்து எழுதியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் படிப்பு, அந்தப் பக்கம் குடும்பம் என்று இரண்டு வரிசைகள் இருபது வருடம் இணைகோடுகளாக வந்து, வெளிநாடு என்ற இடத்தில்தான் முதல்முறையாக மோதிக்கொண்டன.

*

வெளிநாடு போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. காகிதங்களைச் சில மாதங்களுக்கு முன்பே சரிபார்த்துவிடு. நல்ல அறிவுரைதான். பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்குச் சுற்றுலாவோ குறுகிய பயணமோ போகிறவர்களின் பாஸ்போர்ட், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் உயிரோடு இருக்க வேண்டும், பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். டிக்கெட்டில் பெயரின் ஒரு எழுத்து மாறினாலும் தலைவலி. இதையெல்லாம் விமான நிலைய வரிசையில் நின்று கண்டுபிடிப்பவரைப் பார்த்து நாம் பரிதாபப்படுகிறோம். கூடவே, கொஞ்சம் தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்: "முன்னாடியே பாத்திருக்க வேணாமா?"

அந்த 'வேணாமா'வில்தான் எனக்குச் சந்தேகம். முன்யோசனை ஒரு ஒழுக்கமா? அது இல்லாதவர் தவறு செய்தவரா?

2022 நவம்பர் 21-ஆம் தேதி முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் சொன்னது. குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தால் அனுமதி இல்லை. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? நமக்கு இருப்பது ஒரு பெயரும் அதற்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்தும்தான். சாதிப் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொள்வதில்லை என்பதை இங்கே ஒரு பெருமையாகவே வளர்த்துக்கொண்டோம். அந்தப் பெருமை ஒரு கணினிப் படிவத்தில் காலிக் கட்டமாக நின்றது. சில நாட்களில், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று விதி தளர்ந்தது. ஆனால் அதற்கு முந்தைய வாரம் டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர் எதை முன்கூட்டியே பார்த்திருக்க முடியும்? இல்லாத விதியையா?

வால்டர் பெஞ்சமினின் முடிவு இதைவிடக் கொடியது. 1940 செப்டம்பரில் பிரான்ஸிலிருந்து பைரனீஸ் மலையை நடந்தே கடந்து, ஸ்பெயினின் போர்ட்போ என்ற எல்லை ஊருக்கு வந்துசேர்ந்தார். இதயம் பலவீனமான மனிதர். அமெரிக்க விசா கையில் இருந்தது. ஸ்பெயின் வழியாகப் போக அனுமதியும் இருந்தது. பிரான்ஸிலிருந்து வெளியேறும் அனுமதி மட்டும் இல்லை. நாஜிகளிடமிருந்து தப்பி ஓடுபவருக்கு அந்த அனுமதியைக் கேட்பதே ஆபத்து. திருப்பி அனுப்பப்போகிறோம் என்றார்கள். அன்றிரவு மார்பின் மாத்திரைகளை விழுங்கினார். அவரோடு மலை கடந்தவர்களைப் பிறகு போக விட்டுவிட்டார்கள். பெஞ்சமின் அஜாக்கிரதையானவர் இல்லை. அவருடைய முன்யோசனைக்கு எட்டாத இடத்தில் விதி மாறிக்கொண்டிருந்தது.

ஆக, முன்கூட்டியே பார்ப்பது என்பது, நாளை மறுநாளும் உலகம் இன்றைய விதிப்படியே இருக்கும் என்று நம்ப முடிந்தவர்களின் ஒழுக்கம். அந்த நம்பிக்கை எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

திருக்குறளில் 'தெரிந்துசெயல்வகை' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. எண்ணிப் பார்த்துச் செய்வதைப் பற்றியது. அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். பொருட்பாலில், அரசியலில். அதாவது, ஆள்கிறவனுக்குச் சொன்னது. யாருடைய கைத்தவறு பலர் தலையில் விடியுமோ, அவனுக்குத்தான் முதலில் அந்த எச்சரிக்கை. நாம் அதை மெல்லக் கீழே இறக்கி, வரிசையில் நிற்பவர் தலையில் வைத்துவிட்டோம். எழுதியவர் சரிபார்க்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. எழுதப்பட்டவர் சரிபார்த்தாரா என்றுதான் கேட்கிறோம்.

*

இதே மலையில்தான் காவலூர் இருக்கிறது. வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1988 பிப்ரவரி 17 அன்று அங்கே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். ஒரு சிறுகோளுக்குப் பெயர் வைப்பது லேசான காரியமல்ல. திரும்பத் திரும்பக் கவனித்து, அதன் பாதை உறுதியான பிறகுதான் எண் கிடைக்கும். பிறகு கண்டுபிடித்தவர் ஒரு பெயரை முன்மொழிய வேண்டும். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு அதை ஏற்க வேண்டும். அப்படித்தான் அது '4130 ராமானுஜன்' ஆனது. சூரியனைச் சுற்றும் ஒரு கல்லுக்குத் தேதியும் பெயரும் இவ்வளவு கவனத்தோடு பதியப்பட்ட அதே மலையில், பதினெட்டு வருடம் கழித்து, ஒரு குழந்தைக்கு இரண்டையும் நான் அரை நிமிடத்தில் எழுதி முடித்தேன்.

அந்தத் திண்ணையில் உட்கார்ந்து நான் எனக்காக வாதாடிப் பார்த்தேன். தேதியை மாற்றியது அவளுக்காக. மாற்றாவிட்டால் அவள் பள்ளிக்கே வந்திருக்க மாட்டாள். ஜெர்மனியும் இல்லை, இந்தப் பிரச்சினையும் இல்லை. அந்தப் பொய்யை இன்றும் சொல்வேன். பெயரை மாற்றியது எனக்காக. என் ரசனைக்காக. இரண்டும் ஒரே பேனாவில், ஒரே வரியில் எழுதப்பட்டவை. நோக்கம் பார்த்து நல்ல பொய், கெட்ட பொய் என்று நான் பிரித்துக்கொள்ளலாம். காகிதத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் அவள் ஒரே மாதிரிதான் அலைய வேண்டும்.

இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. அதிகாரி ஆளையும் காகிதத்தையும் ஒப்பிடுவதில்லை. காகிதத்தையும் காகிதத்தையும்தான் ஒப்பிடுகிறார். அவர் கேட்பது 'இது உண்மையா' என்று அல்ல. 'இதுவும் அதுவும் ஒன்றா' என்று. அவரைக் குறை சொல்லவும் முடியாது. முன்பின் தெரியாத லட்சம் பேரை வேறு எப்படித்தான் நம்புவது? ஆனால் அதன் விளைவு விசித்திரமானது. எல்லாக் காகிதமும் ஒரே பொய்யைச் சொன்னால் நீங்கள் யோக்கியர். ஒரே ஒரு காகிதம் மட்டும் உண்மையைச் சொன்னால் சந்தேகத்துக்குரியவர்.

"அப்ப நெஜமான தேதியவே எல்லாத்துலயும் போட்டுட முடியாதா சார்?" என்று கேட்டாள்.

பதிவாகாத பிறப்பைப் பதிய வேண்டும். பிறகு பத்தாவது தொடங்கி ஒவ்வொரு சான்றிதழாக மாற்ற வேண்டும். கோர்ட், வக்கீல், வருடங்கள். அவளிடம் இருந்தது ஐந்து மாதம். படிப்புக் காகிதங்களை அசைக்க முடியாது, அவைதான் வேலையைக் கொடுத்தவை. எனவே ஆதாரும் பாஸ்போர்ட்டும்தான் அவற்றின் பக்கம் வர வேண்டும். அரசிதழில் பெயர் மாற்றம், பிறகு ஆதார் திருத்தம், பிறகு பாஸ்போர்ட். ஜூன் 1 ஜெயிக்கும். நான் வைத்த பெயர் ஜெயிக்கும். ஆயாவின் பெயர் கடைசிக் காகிதத்திலிருந்தும் போய்விடும்.

உறுதிமொழிப் பத்திரம் தயாரானபோது நானும் கூட இருந்தேன். இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்ற வரி உண்மை. அதில் கஷ்டமில்லை. பிறந்த தேதி வரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"பொய்யின்னு தெரிஞ்சே உண்மைன்னு எப்படி சார் கையெழுத்துப் போடறது?"

தத்துவ வகுப்புகளில் இதற்கு நல்ல நல்ல பதில்கள் உண்டு. யாரையும் ஏமாற்றாத பொய், யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய், அரசு உன்னை எந்தத் தேதியில் அறிந்திருக்கிறதோ அதைத்தான் உறுதி செய்கிறாய், இப்படி. நானும் ஏதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு நிமிராமலே, "நீங்க அன்னிக்கு ஆயாவ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் சார்" என்றாள். அது தேதியைப் பற்றி அல்ல என்று இருவருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டாள்.

அப்பா வாங்கிய கடனுக்கு மகன் வட்டி கட்டுவதை ஊரில் பார்த்திருக்கிறேன். என் பொய்க்கு அவள் கையெழுத்துப் போடுவதை அன்றுதான் பார்த்தேன்.

*

அப்படியானால் இந்தக் காகிதங்களே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? எனக்கும் கொஞ்ச நேரம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த மலையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தவர்கள். ஜவ்வாது மலை ஊர்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். மரம் வெட்டக் கூப்பிடுகிற ஆள் ஆதார் கேட்பதில்லை, படிப்புக் கேட்பதில்லை, எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. பஸ் ஏறினால் போதும். காகிதமே இல்லாத பயணம். அதில் யார் கூப்பிட்டார், எங்கே போனார், என்ன கூலி பேசினார் என்பதற்கு எங்கும் ஒரு வரி இல்லை. செத்த பிறகு அடையாளம் காட்டத்தான் பெயர் தேவைப்பட்டது.

பத்தாவது தேறாத ஒருவர் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும் என்கிறது 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டம். தொல்லை என்று பலரும் அலுத்துக்கொள்கிறார்கள். அதைச் சுற்றி வந்து ஏமாறுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த அனுமதியின் உள்ளே ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது: இந்த ஆள் இன்னாரிடம் வேலைக்குப் போகிறார், அவருக்கு ஏதாவது ஆனால் கேட்க ஓர் இடம் வேண்டும். காகிதம் நம்மைத் தடுக்கும் சங்கிலி மட்டுமல்ல. நமக்காக யாரோ பதில் சொல்லியாக வேண்டும் என்பதன் சாட்சியும் அதுதான். ஈழத்தமிழர்கள் 'கடவுச்சீட்டு' என்பார்கள். கடவு என்றால் வழி. வழி என்று பெயர் இருப்பதாலேயே, அதில் ஒரு எழுத்துப் பிழை முள்ளாகிவிடுகிறது.

அதனால் காகிதத்தை வெறுப்பதில் எனக்கு இப்போது நம்பிக்கையில்லை. அதைப் பயபக்தியோடு எழுத வேண்டும் என்பதில்தான் இருக்கிறது. அவள் ஐந்து மாதம் முன்பே பார்த்தாள். அதனால்தான் தப்பித்தாள். எல்லாம் முடிந்து புதிய பாஸ்போர்ட் கைக்கு வரக் கிட்டத்தட்ட நான்கு மாதம் ஆயிற்று. கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது அந்தப் பாயை விரித்திருந்தால் வேலை போயிருக்கும். நான் அவளைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த வேலையை முன்கூட்டியே செய்ய வேண்டியவன் ஒருவன் 2006-லேயே இருந்தான். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே நின்ற கிழவியை ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

நாமெல்லாம் தினமும் யாருடைய பெயரையாவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். வங்கிச் சலான் நிரப்பித் தருகிறோம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறோம். உதவி செய்கிறோம் என்ற அவசரத்தில் 'எப்படி இருந்தா என்ன' என்று ஓர் எழுத்தைத் தட்டிவிடுகிறோம். இருபது வருடம் கழித்து அந்த எழுத்து எந்த ஊரின் கவுண்டரில் போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாது. நாம் அங்கே இருக்கவும் மாட்டோம்.

ஜூன் மாதக் கடைசியில் அவள் கிளம்பினாள். சென்னை விமான நிலையத்திலிருந்து போன் செய்தாள். இமிக்ரேஷன் முடிந்துவிட்டது என்றாள்.

"பேரு கேட்டாரு சார். ஒரு செகண்டு லேட்டாதான் சொன்னேன்."

"எதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. முத்திரை குத்திக் குடுத்துட்டாரு."

பின்னால் ஏதோ அறிவிப்பு கேட்டது. ஆயாவிடம் பேசிவிட்டாயா என்று கேட்டேன். பேசிவிட்டாளாம். இறங்கினதும் சொல்லு, என்ன நேரமானாலும் முழிச்சிருப்பேன் என்றதாம் ஆயா. தன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டதாம்.

நான் இப்போது கீழே வேறொரு பள்ளியில் இருக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் சேர்க்கை மேசையில் உட்காருகிறேன். பெயர் கேட்கிறேன். எழுதுகிறேன். பிறகு எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்துக் காட்டி, "இப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்கிறேன். படிக்கத் தெரியாதவர்களிடம் இரண்டு முறை படிக்கிறேன். வரிசை நீண்டுவிடுகிறது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். இந்த வருடம் ஒரு தாத்தா சிரித்துவிட்டு, "அதான் மொதல்லயே சொன்னனே வாத்தியாரே, எத்தினி வாட்டி கேப்ப?" என்றார்.